‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதவர்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை வாயில் ஊறியே கிடக்கும். லோரி பள்ளத்தில் சாய்ந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ‘ஒன்னும் ஆகாது லா.’ நானும் அதைச் சொல்லியே வளர்ந்தவன்தான். ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த எவனைக் கேட்டாலும் இதே கதைதான். அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஒரு தமிழ் ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மூன்று வருஷம் வேன் ஓட்டினேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது என்று வேண்டுமானால் ஒரு சாக்குச் சொல்லலாம். எழுத எனக்குக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கியவர், குள்ளம், சபாக் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் மேய்த்த மண்டோரின் மகள். நடக்கும்போது வலது கால் சற்று இழுக்கும். வவ்வாலிலிருந்து மனிதனுக்குத் தாவுகிற கிருமிகளைத் தேடும் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் அவர் களப் பொறுப்பாளர். பெரிய படிப்புப் படித்தவர்கள் தலைநகரில் குளிரூட்டிய அறையில் இருந்தார்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மேலிருந்து எப்போது வவ்வால் மூத்திரம் விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது இவர்தான்.

வேலை விடிவதற்கு முன்னால் தொடங்கும். மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று சொல்லும் பெரிய பழந்தின்னி வவ்வால்கள் கடலோரக் காட்டில் மேய்ந்துவிட்டு மரத்துக்குத் திரும்புகிற நேரத்தில், உயரமான கழிகளில் மெல்லிய வலையைக் கட்டி ஏற்றுவோம். சிக்கியதை இறக்கி, தொண்டையில் பஞ்சு தடவி, இறக்கையிலிருந்து சொட்டு ரத்தம் எடுத்து, திரும்பப் பறக்க விடுவோம். காகிதத்தில் என் வேலை வேன் ஓட்டுவதும் கழி சுமப்பதும் மட்டும்தான். ஆள் பற்றாக்குறையில் நானும் வவ்வால் பிடிக்கிறேனே என்று ஒரு நாள் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. வெறிநோய்த் தடுப்பூசியை முழுதாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். போட்டேன். பிறகு பிடிக்க விட்டார். அவர் விதியை மீறியதென்றால் எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான். அதுவும் எனக்காக.

எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நாலு பேர் வந்து நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இந்த வவ்வாலால் எங்களுக்கு நோவு வருமா? குழுவில் மற்றவர்களானால் சிரித்துக்கொண்டே அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். அக்கா மட்டும் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, கேட்டவர் முகத்தைப் பார்த்து, ‘தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்’ என்பார். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். படித்த பொம்பளை, வாயில் ஒரு நல்ல வார்த்தை வராதா என்று பின்னால் முணுமுணுப்பது வேன் வரைக்கும் கேட்கும்.

வந்து சொல்கிறேன் என்று சொன்னால் வந்து சொல்வார். அதுதான் எனக்குத் தாங்காது. ஈஜோக்குக்கு உள்ளே ஆடு வளர்க்கிற ஒரு பெண் இருந்தார். அவர் வீட்டு ஜம்பு மரத்துக்கு ராத்திரியில் வவ்வால் வரும். வவ்வால் கடித்த பழம்தான் இனிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. பாதி கடித்து விழுந்ததைப் பொறுக்கிக் கழுவித் தின்பதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். அந்தப் பெண்ணும் தின்றிருக்கிறார், ஆடுகளும் தின்றிருக்கின்றன. பயம் வந்து, மரத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். அக்கா வழக்கம் போல் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து, அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லாத ஒரு நாளில், என்னை ஒன்றரை மணி நேரம் வேன் ஓட்ட வைத்துத் திரும்பப் போனார். போய்ச் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் மரத்து வவ்வாலில் எதுவும் கிடைக்கவில்லை, அதனால் எப்போதும் இருக்காது என்று அர்த்தமில்லை, மரத்தை வெட்ட வேண்டாம், விழுந்ததைத் தின்ன வேண்டாம், ஆட்டுக்கும் போட வேண்டாம். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தார். பிறகு ஆளுக்கு ஒரு கிளாஸ் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணாடி வழியாகச் செம்பனைகளைப் பார்த்தபடி, கேட்ட கேள்விக்குப் பதில் வராமலே போவது நமக்குப் பழகிவிட்டது, அதனால்தான் யாரும் வந்து சொல்வதில்லை என்றார். அலுப்பில் நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

கோலசிலாங்கூரில் நாங்கள் பசியாறும் உணவகத்தை வைத்திருந்த பாய் இவரைக் கேலி செய்யாத நாளே கிடையாது. தே தாரே டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இந்தம்மா இன்னும் குடிக்கவில்லை, தெரியாது என்பார் என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, பாய் சிரிப்பையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு மேசைக்கு வந்தார். நீங்கள் மருத்துவம் தெரிந்தவர், அண்ணன் நல்லபடியாகத் திரும்பி விடுவார் அல்லவா என்று கேட்டார். அக்கா தெரியாது என்றார். பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. அன்று ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தது வேறு ஆள். நான் வேனில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் சொத்தா போய்விடும் என்று கேட்டேன். அறுவை சிகிச்சை நாளில் அக்கா விடுப்பு எடுத்திருந்தார். எங்கே போனார் என்று எனக்கு ஒரு வாரம் கழித்துப் பாய் சொல்லித்தான் தெரிந்தது. காலையிலிருந்து மாலை வரை மருத்துவமனை நாற்காலியில் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அதன் பிறகு அக்காவின் தே தாரேயைப் பாய் தன் கையாலேயே ஆற்றிக்கொண்டு வந்து வைப்பார்.

என் மனைவி சரளாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அக்காவின் வாய் மேல் பயம்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துக் கரு தங்கி நிலைத்தபோது, இதை அந்த அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவர் தெரியாது என்று ஒரு சொல் போட்டுவிட்டால் பலித்துவிடும் என்றாள். நான் சொல்லாமல் இருப்பேனா? மறுநாளே சொன்னேன். வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், எத்தனை மாதம் என்று கேட்டார். நான்கு என்றேன். இனிமேல் வவ்வாலைத் தொடாதே, வேனை மட்டும் ஓட்டு என்றார். அவ்வளவுதான் அவருடைய வாழ்த்து.

சரளாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, சபாக்குக்கு வடக்கே ஒரு பழைய தோட்டத்தில் முனியாண்டி கோயில் மரத்தில் வலை கட்டப் போனோம். தொழிலாளர் லயங்களை இடித்து வருஷக் கணக்காகிவிட்டது. கோயிலும் மரமும் மட்டும் நின்றன. பக்கத்துக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், குடியேறிய பழைய ஆட்கள்தான் இன்னும் விளக்கு ஏற்றுகிறார்கள். கோயில் கமிட்டியிடம் அனுமதி வாங்க எங்களுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கென்று வவ்வால் பிடிக்கிறவன் டெங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். அக்காவே பிடிப்பதாக ஏற்பாடு.

கழிகளைக் கோயில் எல்லைக் கல்லுக்கு வெளியேதான் நட்டோம். ஆனால் விடியும்போது ஒரு பெரிய கெலுவாங் வலையில் மோதிய வேகத்தில் ஒரு பக்கக் கயிறு அறுந்து, வலை வவ்வாலோடு எல்லைக்கு உள்ளே போய்த் தொங்கியது. அக்கா முழங்கை வரைக்கும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கல்லைத் தாண்டக் காலை எடுத்தார். பூசாரி குறுக்கே வந்துவிட்டார். தோலில் செய்த எதுவும் இந்தக் கல்லைத் தாண்டக் கூடாது, செருப்பானாலும் சரி, வாரானாலும் சரி, கையில் போடுவதானாலும் சரி என்றார். கூட நின்ற கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் ஆமாம் போட்டார்கள். அக்கா வாதாடவே இல்லை. அப்படியானால் இன்றைக்கு வேண்டாம், நீளக் கழியில் கத்தியைக் கட்டி வலையை அறுத்துவிடலாம், அது பறந்து போகட்டும் என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டு மாதம் அலைந்தது ஒரு பக்கம். எங்கள் சாமி, எங்கள் ஆட்கள், இவர்களுக்கு முன்னால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது ஒரு பக்கம். காலணியைக் கழற்றினேன். தோல் கையுறையைத் தொடாமல் மெல்லிய ரப்பர் கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு கல்லைத் தாண்டினேன். பூசாரி தடுக்கவில்லை; ரப்பர் தோலில் சேராது.

‘வேணாம்,’ என்றார் அக்கா. ‘வெளிய வா. தோல் உறை இல்லாம அதத் தொடாதே.’

சத்தமாக, தெளிவாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

‘சாமி எடம்க்கா. ஒன்னும் ஆகாது.’

கட்டை விரலுக்குக் கீழே கடித்தது. ரப்பர் கிழிந்து ரத்தம் வந்தது. அக்கா என்னை வெளியே இழுத்து, வேனிலிருந்த தண்ணீரையும் சவர்க்காரத்தையும் எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் கழுவினார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்து காயத்தில் அப்பப் போனார். நெற்றியில் பூசுங்கள் ஐயா, கையில் வேண்டாம் என்று அக்கா தடுத்தார். பூசாரி என் நெற்றியில் பூசினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மருத்துவமனையில் காயத்தை மறுபடி கழுவி, ஊசி போட்டு, காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் தேடிக்கொண்டிருந்த அந்தக் கிருமி வவ்வாலில் இருந்திருந்தால், உடம்பில் ஏறியதா என்பது தெரியவே நாட்கள் ஆகும். ஏறிவிட்டால் மூளைக்குப் போகும். அதற்கென்று மருந்து கிடையாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று வருஷம் அதைத்தானே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். வேனில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

‘ரூல்படி, காய்ச்சல் வர்ற வரைக்கும் போகலாம்,’ என்றார். ‘நா உன் எடத்துல இருந்தா, வயித்துப் பிள்ளக்காரி இருக்கற வீட்டுக்குப் போகமாட்டேன்.’

குழு சாமான்கள் வைக்க வாடகைக்கு எடுத்திருந்த, தோட்டக் கணக்கர் குடியிருந்த பழைய கிராணி வீடு ஒன்று சபாக்கில் இருந்தது. அதில் மூன்று வாரம் தங்கினேன். எனக்கு எதுவும் ஆகவில்லை என்பது இதை நான் எழுதிக்கொண்டிருப்பதிலிருந்தே தெரியும். பல வாரம் கழித்து, அன்று வலையோடு என்னுடன் வெளியே வந்த அந்த வவ்வாலிடம் அக்கா எடுத்த ரத்தத்திலும் எதுவும் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அது தெரியாது. சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கிக் களைத்தேன், விழித்துக் களைத்தேன். சும்மா இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அக்கா வருவார். ஜன்னல் வழியாக வெப்பமானியைக் கொடுப்பார். அது கத்திய பிறகும் இன்னும் ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார். வாங்கித் தானே பார்த்து நோட்டில் எழுதுவார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, இன்று என்ன கிழமை, உன் மாமியார் ஊர் எது என்று வரிசையாகக் கேட்பார். மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்விகள். கீரையும் நெத்திலிச் சம்பலும் வைத்த டிபன் கேரியரைப் படியில் வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் மாலை எனக்குத் தலை வலித்தது. சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சரளா போன் செய்தாள். என் குரலில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா அங்கே இருந்தால் சத்தமாகக் கேட்கிற மாதிரி போனை வை என்றாள்.

‘அக்கா, அவருக்கு ஒன்னும் ஆகாதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. நா இன்னிக்கித் தூங்கணும்.’

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘தெரியலம்மா. தெரியாதத நா சொல்லமாட்டேன். காலையிலயும் சாயந்தரமும் சூடு எவ்வளவுன்னு நானே ஒனக்குப் போன் பண்ணிச் சொல்றேன். ஒரு வேள கூடத் தவறாது.’

சரளா போனை வைத்துவிட்டாள். நான் கத்தினேன். உங்களுக்கு மனசு என்று ஒன்று உண்டா, அல்லது அதையும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து, இழுக்கிற காலை நீட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு விஷயம் சொன்னார். இருபத்தைந்து வயதில், பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்த காலத்தில், அவர் வீடு வீடாகப் போகிற ஒரு குழுவில் இருந்தாராம். இது கொசுவால் வருவது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். ஒரு பண்ணையில் பன்றிக்குத் தீனி போடுகிற தமிழர் ஒருவர், வேலைக்குத் திரும்பப் போகலாமா என்று கேட்டார். ஊசி போட்டாகிவிட்டது, கொசு மருந்து அடித்தாகிவிட்டது, ஒன்றும் ஆகாது, போங்கள் என்றார் இவர். அவர் போனார். நோய் பன்றியிலிருந்து வந்தது, பன்றிக்கு வவ்வாலிலிருந்து வந்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்டேன். அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். தலைவலிக்கு மாத்திரை போட வேண்டாம், காய்ச்சல் வந்தால் அது மறைத்துவிடும், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, இருட்டும் வரை படியிலேயே இருந்தார். காலையில் தலைவலி போய்விட்டது. ஒரு வேளைகூடச் சரளா அவர் போனை எடுக்கவில்லை. அவர் சூட்டை மட்டும் செய்தியாக அனுப்பினார். ஏழு மணி ஆவதற்கு முன்பே போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்ததைச் சரளா எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். எங்கள் ஆள்தான், மரியாதையானவர். முற்றத்தில் நாற்காலி போட்டு முகக்கவசத்தோடு உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே. அக்கா பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்றார். என்ன நடந்தது என்று முதலில் அக்காவைக் கேட்டார். டிரைவரை வவ்வால் பிடிக்க விட்டது தன் தவறு என்றும், ஆனால் அன்று வேண்டாம் என்று சொன்னதாகவும், அவன் கேட்காதபோது இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் அக்கா சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் உன்னைத் தடுத்தாரா என்று கேட்டார்.

தடுத்தார் என்று சொன்னால், சொல்லியும் கேட்காமல் போனவன் நான். ஒப்பந்த டிரைவர். அன்றைக்கே வேலை போகும். குழந்தை பிறக்க இரண்டு மாதம்கூட இல்லை. அரை நிமிடத்துக்குள் இதையெல்லாம் யோசித்துவிட்டேன். மூளை அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

‘தெரியல சார்,’ என்றேன். ‘அப்ப இருந்த பதட்டத்துல எனக்கு சரியா ஞாபகம் இல்ல.’

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆறு மணியாகிவிட்டது என்று சொல்லி, வெப்பமானியைத் துடைத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

மூன்று நாளில் அவரைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று தடுத்ததாக அக்கா சொன்னது தப்பித்துக்கொள்ளத்தான் என்று அறிக்கையைப் படித்தவர்கள் முடிவு செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தலைநகரில் மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டி அறைக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷம் மரத்தடியில் நின்றவர். எனக்கு வேலை போகவில்லை. சூட்டை அதன் பிறகு யாரோ போனில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் பார்க்காமலே ஒரு எண்ணைச் சொன்ன நாளும் உண்டு. ஆனால் அக்கா ஆறே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்பார், ஏழு மணிக்குச் சரளாவுக்கு அனுப்புவார். அவரிடம் மட்டும் பார்த்துத்தான் சொன்னேன்.

கடைசி நாள் காலை ஒன்பது மணி இருக்கும். துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து படியில் நின்றார். விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். முச்சந்தியிலிருந்து நடை, சேலையெல்லாம் வியர்வை. வெப்பமானியைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஐந்து. இந்த முறை சரளா போனை எடுத்தாள். எண்ணைச் சொல்லி, மூன்று வாரம் முடிந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். அந்தப் பக்கம் சரளா அழுதது எனக்குக் கேட்டது. அக்கா அவள் அழுது முடிக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

பிறகு என்னிடம் கேட்டார்.

‘அன்னிக்கி நா வேணாம்னு சொன்னது ஒனக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா? பயத்துல மறந்தாலும் மறந்திருக்கும். எனக்குத் தெரியல. அதான் கேக்கறேன்.’

மூன்று வாரத்தில் முதல் தடவையாக எனக்கு உடம்பு சுட்டது. அந்த ஒன்பது நாளும் அவர் என்னைத் திட்டாமல் இருந்தது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. தெரியாத ஒன்றை வைத்து என்னைப் பொய்யன் என்று முடிவு கட்ட அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

‘ஞாபகம் இருந்திச்சுக்கா,’ என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

‘அத எழுதிக் குடுப்பியா?’

‘கொழந்த பொறந்ததும் குடுத்துர்றேன்க்கா.’

‘சரி,’ என்றார். வேனில் கொண்டுபோய் பஸ் நிலையத்தில் விடுகிறேன் என்றேன். குழுவில் இல்லாத ஆளை இந்த வண்டியில் ஏற்றக் கூடாது என்று நடந்தே போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்டதே இல்லை. நான் அந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ரவாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பயப்பட யாரும் இல்லை. அவர் இன்னும் அந்தக் குளிர்பெட்டி அறையில்தான் இருக்கிறார் என்றும், அடுத்த வருஷம் விருப்ப ஓய்வு பெறுகிறார் என்றும் பாய் சொன்னார். என் மகளுக்கு வருகிற மாதம் நான்கு வயது முடிகிறது. நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.